மணிக்கூண்டுக்கு ஒரு கட்டை

மேசைமேல் மூன்று யோயோக் கட்டைகள் இருந்தன. மக்காரியோ டும்லாவ் தொப்பியைக் கழற்றாமல் நின்றபடியே அவற்றைப் பார்த்தார். இரண்டை எதிர்பார்த்துதான் வந்திருந்தார். மூன்றாவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"உட்காருங்க மனோங்," என்றான் தம்பி தெலெஸ்போரோ. "கட்டை எங்கயும் எழுந்து ஓடிடாது."

ஸ்டாக்டனில் குடியேறியிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு இலோக்கானோக்கள் எல்லோருமே அவரை மனோங் என்றுதான் அழைத்தார்கள். மூத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை அது. இந்த அமெரிக்க மண்ணில் அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அஸ்பாரகஸ் தோட்டத்து வெள்ளைக்காரக் கங்காணி ஒருவன்தான். கையிலிருந்த கத்தியை அவன் காலடியில் போட்டுவிட்டு அன்றே அந்தத் தோட்டத்தை விட்டு நடந்தவர் அவர்.

தம்பி மகள் லெயோனிசா அடுப்பிலிருந்து காப்பியை இறக்கி வைத்தாள். இருபது வயது. மாலை நான்கு மணிக்குச் சங்க மண்டபத்தில், தாய்நாட்டுத் தியாகி ரிசாலின் நினைவு நாள் விழா. அங்கே பக்கால்சோ வீட்டுப் பையனுக்கு எதிராக அவள் மேடையேறப் போகிறாள். முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு டும்லாவ் மறுபடி யோயோ நூலால் மணிக்கூண்டு கட்டப் போகிறாள். எந்தக் கட்டையை எடுப்பது என்று வீட்டுக்கு மூத்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

வீசிய கட்டை ஏறி வராமல் நூலின் நுனியிலேயே சுழன்றுகொண்டு நிற்பதைத் தூக்கம் என்பார்கள். அது தூங்கும் நேரத்துக்குள் பத்து விரலாலும் நூலை இழுத்து மடக்கிக் கூண்டு கட்ட வேண்டும். கட்டை அதற்குள் மணிபோல ஆடவேண்டும். கடைசியில் கூண்டின் சன்னலுக்கு முகத்தைக் கொண்டுபோய், அதன் வழியே சபையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மற்ற வித்தைகளுக்குத் தொப்புள் உயரம் நூல் போதும். இதற்கு முகவாய் வரை வேண்டும். முப்பது எண்ணும்வரையாவது கட்டை தூங்க வேண்டும்.

மக்காரியோ முதல் கட்டையை எடுத்து இடுக்கில் நகத்தை விட்டார்.

"மேப்பிள். புது அச்சு. சொரசொரங்குது. நூலைத் தின்னும். இருபது எண்றதுக்குள்ள முழிச்சுக்கும்."

"நானும் அதேதான் சொன்னேன்," என்றாள் லெயோனிசா.

"இது கருங்காலி. நல்லாத் தூங்கும். ஆனா கனம். இவ்வளவு நீள நூல்ல போய் இடிச்சா விரல் கன்னிப் போயிடும். பல்லைக் கடிச்சுக்கணும்." கட்டையை அவள் பக்கம் தள்ளினார். "இதையே எடுத்துக்க."

"குறையும் சொல்றீங்க, எடுத்துக்கன்னும் சொல்றீங்க. அந்த மூணாவதைத் தொடவே இல்லையே பெரியப்பா?"

"அது வேண்டாம்."

"ஏன்?"

"ராசியில்ல."

தெலெஸ்போரோ சிரித்தான். சிரிக்கும்போது அவனுடைய வலது கண் மட்டும் சுருங்கியது. இடது பக்கம் இமை குழிக்குள் ஒட்டிக்கிடந்தது. "கட்டைக்கு என்ன மனோங் ராசி? அப்பா கையால கொய்யா மரத்துல செதுக்கினது. இதைவிட நீளமாத் தூங்கற கட்டை இந்தக் கலிபோர்னியாவுலயே கிடையாது. கட்டை நல்ல கட்டை. இதோ, இதுதான் கெட்ட கை." வலது கையை விளக்கைக் காட்டுவதுபோல் தூக்கிக் காட்டினான். "பேசாம அதையே குடுங்க இவளுக்கு. இவ கை நம்ம அம்மா கை. நடுங்காது."

மக்காரியோ கருங்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் இந்த ஊர் சினிமாக் கொட்டகை மேடையில் நடந்தது அது. தெலெஸ்போரோ மூன்றாவது வீச்சில் மணிக்கூண்டு கட்டி, சன்னலுக்கு முகத்தைக் கொண்டுபோனான். தூங்கிக்கொண்டிருந்த கட்டை திடுமென்று துள்ளி ஏறி இடது கண்ணில் அடித்தது. பயத்தில் கையைச் சுண்டிவிட்டான் என்றது சபை. சுண்டாமல் கட்டை ஏறாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரியில் கட்டுக்குள் இருந்து தெலெஸ்போரோவே சொன்னான்: "என் கை காட்டிக் குடுத்துடுச்சு மனோங்." கைநடுக்கி என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்தது. அதைத் தம் காதுபடச் சொன்ன இரண்டு பேரின் பல்லை மக்காரியோ உடைத்தார். தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று ஊர் மெச்சியது.

அன்று மேடைக்குப் பின்னால் அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை. மாதா கோயில் மெழுகுவத்தியை உருக்கி, அந்தக் கொய்யா அச்சை விளக்கில் காட்டிச் சூடாக்கி, மெழுகை ஊறவிட்டுத் துடைத்திருந்தார். மெழுகு ஊறிய அச்சில் கட்டை இரண்டு வீச்சு பச்சைக் குழந்தைபோல் தூங்கும். மூன்றாவது வீச்சில் அச்சு சூடேறும், மெழுகு பிசினாகும், நூலைப் பிடித்துக்கொள்ளும், கட்டை தானாகவே ஏறிவிடும். இது அவருக்கு அன்று தெரியாது. பிறகு தனியாக வேறொரு கட்டையில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தெரிந்தபோது சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சில் எதையும் தடவக்கூடாது என்பது போட்டி விதி. சொன்னால் டும்லாவ் வீட்டார் அதுவரை ஜெயித்த ஒவ்வொரு மேடையும் மெழுகு மேடை என்று பக்கால்சோக்கள் சொல்வார்கள். ஒரு கண்தான் போயிற்று, அப்பாவின் பெயராவது நிற்கட்டும் என்று இருந்துவிட்டார்.

"எண்ணுங்கப்பா," என்றாள் லெயோனிசா. மக்காரியோ நினைவிலிருந்து மீள்வதற்குள் கொய்யாக் கட்டைக்குப் புது நூல் மாட்டி எழுந்து நின்றிருந்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"ஒரே ஒரு தடவை பெரியப்பா. கடிச்சா திங்கப்போகுது?"

வீசினாள். கட்டை கீழே போய் நின்று தூங்கியது. தெலெஸ்போரோ விரலால் மேசையைத் தட்டி எண்ணினான். முப்பத்து நான்கு. அடுத்த வீச்சில் முப்பத்தாறு.

"பாத்தீங்களா!" என்று கத்தினாள். "பக்கால்சோ பயலுக்கு இன்னிக்கு மூஞ்சி தொங்கப்போகுது. மேடையில அச்சைத் துடைச்சுக் காட்டி அப்பா சொல்வாராமே, அதையே சொல்லப்போறேன். டும்லாவ் அச்சு உலர்ந்த அச்சு!"

"லெயோனிசா, போதும். வை அதை."

"இப்ப கூண்டு."

மூன்றாவது வீச்சு. நூல் அவள் விரல்களில் ஏறியது, மடங்கியது, கூரையாயிற்று. கட்டை உள்ளே ஆடியது. தெலெஸ்போரோ எண்ணிக்கொண்டே அவள் கையைப் பார்த்தான். அந்தக் கையை மட்டும்தான் பார்த்தான். பதினெட்டு, பத்தொன்பது. மக்காரியோ மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார். அவள் சிரித்துக்கொண்டே முகத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோனாள்.

அவர் கை நீண்டது. அவள் முகத்துக்கும் கூண்டுக்கும் நடுவே உள்ளங்கையை விரித்தார். மறு நொடியில் கட்டை துள்ளியது. சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவருடைய வலது கை நடுவிரல் பக்கவாட்டில் மடங்கித் தொங்கியது.

"ஐயோ! பெரியப்பா!" நூல் சுற்றிய கையோடு அவள் அலறினாள். "நான் சுண்டவேயில்ல! சத்தியமாச் சுண்டல!"

"தெரியும் கண்ணு," என்றான் தெலெஸ்போரோ. அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உன் கை அசையவேயில்ல."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவன் கட்டையைக் கேட்டு வாங்கி, கத்தியால் நூலை அறுத்து, இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினான். நகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான்.

"கோயில் வாசனை அடிக்குது," என்றான். பிறகு மெதுவாக, "கட்டை துள்றதுக்கு முன்னாடியே கையை வச்சீங்க மனோங். துள்ளும்னு எப்படித் தெரிஞ்சுது?"

மக்காரியோ முதுகை நிமிர்த்தினார். உடைந்த விரலைப் பிடித்துக்கொள்ளவில்லை. "மெழுகு போட்டேன். நீ ஜெயிக்கணும்னு போட்டேன்."

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சொல்லியிருக்கலாம்."

"அப்பா பேரு இருந்துச்சு. குடும்பப் பேரு இருந்துச்சு."

"என் பேரு என்னன்னு ஊர்ல கேட்டுப் பாத்தீங்களா?" குரல் உயரவில்லை. "இவ பொறந்தப்போ மருத்துவச்சி நீட்டினா. நான் வாங்கல. இந்தக் கை காட்டிக் குடுக்கற கை, கீழ போட்டுடும்னு பயந்தேன். நடக்கத் தொடங்கற வரைக்கும் இவளை நான் தூக்கினதே இல்ல. எங்கப்பனுக்கு என்னைப் புடிக்காதுன்னு இவ அவங்கம்மாகிட்ட அழுதிருக்கா."

லெயோனிசா சுவரோடு ஒட்டி நின்றாள்.

தெலெஸ்போரோ தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தான். அது நடுங்கவில்லை. பிறகு கருங்காலிக் கட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தான். "விரல் கன்னும். பல்லைக் கடிச்சுக்க. துடைச்சுக் காட்டு, ஆனா அந்த உலர்ந்த அச்சுப் பேச்செல்லாம் மேடையில வேண்டாம்."

கொய்யாக் கட்டையை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தம்பி," என்றார் மக்காரியோ.

"வைத்தியரு தெருமுனையில இருக்காரு," என்றான் தெலெஸ்போரோ. கதவைப் பார்த்தபடி சொன்னான்: "போய்ட்டு வா, மக்காரியோ."

அறைந்திருந்தால்கூட அவர் அப்படித் தள்ளாடியிருக்க மாட்டார்.

பெரியவர்கள் கிளம்பும்போது வீட்டுப் பிள்ளைகள் அவர்கள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது வழக்கம். வாசலில் திரும்பி, பழக்கத்தில், மக்காரியோ வலது கையை நீட்டினார். விரல் அதற்குள் கறுத்து வீங்கியிருந்தது. லெயோனிசா கையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, கருங்காலியில் நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

நீட்டிய கையோடு அவர் கொஞ்ச நேரம் நின்றார்.