ஐஸ் வாங்க வந்தவர்

படிவத்தில் இரண்டு கேள்விகளுக்கு றஸீனா முதல்நாளே விடை எழுதி வைத்திருந்தாள். வேலையாட்கள் எத்தனை பேர்? ஏழு. கடந்த ஐந்து வருடங்களில் வேலைத்தலத்தில் விபத்து ஏதும் நடந்ததா? இல்லை.

முதல் விடை உண்மை.

கணவர் சாலிஹ் மௌத்தான பிறகு, காத்தான்குடி வாவிக்கரையில் இருக்கும் அந்த ஐஸ் தொழிற்சாலையை அவள்தான் நடத்துகிறாள். அமோனியாக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. புதுக்குழாய் போட வங்கி கடன் தரும். ஆனால் வேலையாட்களுக்கு நட்டஈட்டுக் காப்புறுதி எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக இடத்தைப் பார்க்கக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து கஜானி வந்திருந்தாள். கட்டணம் எப்படி வரும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லோருடைய வருடச் சம்பளத்தையும் கூட்டி, அதில் ஒரு வீதம். ஐஸ் வேலை ஆபத்தானது, ஆகவே வீதம் கூடும். முன்பு விபத்து நடந்திருந்தால் இன்னும் கூடும்.

பிறகு அலுவலக அறையின் கண்ணாடி வழியாக ஐஸ் கூடத்தைப் பார்த்து, வேலையாட்களைப் பேனா நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

“எட்டுப் பேர் நிக்காங்க அக்கா. நீங்க ஏழு எண்டு போட்டிருக்கீங்க.”

“முனாஸ்ட வயித்தயும் ஒரு ஆளா எண்ணிட்டீங்க போல,” என்றாள் றஸீனா. உள்ளே மேற்பார்வை செய்துகொண்டிருந்த முனாஸ் பருத்த மனிதன்.

கஜானி சிரிக்கவில்லை. கட்டணத்தைக் குறைக்க ஆளைக் குறைத்துக் காட்டுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான், ஆனால் தெரியவந்தால் தேவைப்படும் நாளில் கம்பனி கைவிரித்துவிடும் என்றாள்.

றஸீனா முனாஸைக் கூப்பிட்டு எல்லோரையும் வெளியே வரச் சொன்னாள். அந்தக் கூடத்துக்கு ஒரே கதவு. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியாக முனாஸ். ஏழு பேர்.

கஜானி இன்னும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் ஏன் வரல்ல?”

“ஆரு?”

“கொம்ப்ரசருக்குப் பக்கத்துல நிக்கார். நீல லேஞ்சியால மூக்கப் பொத்திக்கிட்டு.”

றஸீனா பார்த்தாள். குளிர்ப்புகை. ஈரத்தரை. வேறொன்றும் இல்லை. முனாஸ் தன் றப்பர் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். உள்ளே எங்கோ ஓர் ஐஸ்கட்டி விரிசல் விட்டது.

மூன்று வருடங்களுக்கு முன், மண்டூரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த யோகராசா அந்த இடத்தில்தான் விழுந்து இறந்து கிடந்தார். வாயு கசிந்தபோது மற்றவர்கள் வெளியே ஓட, அவர் வால்வை மூடப் போனார். முகத்தில் கட்டியிருந்த நீல லேஞ்சித் துணியை அவிழ்த்தது றஸீனாதான். அப்போது காப்புறுதி ஏதும் இல்லை. நட்டஈடு கொடுத்தால் தொழிற்சாலையை விற்க வேண்டிவரும் என்றார் சாலிஹ். யோகராசா நாள்கூலிக்காரர், பதிவேட்டில் பெயர் இல்லை. ஆகவே பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தில் சாலிஹ் அவரை ‘ஐஸ் வாங்க வந்தவர்’ என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து றஸீனாவுடையது.

யோகராசாவின் மனைவி அன்னப்பூரணி அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள். “ஆறு வருசமா ஐஸா வாங்கினவர்?” என்று மட்டும் கேட்டாள்.

றஸீனா ‘இல்லை’யை வெட்டி, மேலே ‘ஆம்’ என்று எழுதினாள். பக்கத்தில் பெயரையும் இறந்த திகதியையும் எழுதினாள்.

“அவர் நம்மட ஆள்தான்.”

“முந்தி நடந்த சாவுக்கு இந்தக் காப்புறுதி ஒரு சதமும் தராது அக்கா. அது முழுக்க உங்கட தலையிலதான்,” என்றாள் கஜானி.

“தெரியும். இப்ப நிக்காரா, பாருங்க.”

கஜானி பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். நிற்கிறார்.

அன்று பின்னேரமே றஸீனா பழைய வாக்குமூலத்தின் பிரதியையும், அது பொய் என்று தன் கையால் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, முனாஸோடு குருமண்வெளிக்குப் போனாள். தொழிற்சாலை கையை விட்டுப் போகலாம் என்று வழியில் முனாஸ் ஒருமுறை சொன்னான். அவள் மறுக்கவில்லை. அங்கிருந்து, அன்னப்பூரணி இருக்கும் மண்டூருக்கு வாவியைக் கடக்கும் ‘பாதை’ எனும் மிதவையில் ஏறினார்கள். வேறு பயணிகள் இல்லை.

நடுவாவியில் காசு வாங்குபவர் வந்தார். அவர்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

“மூணு பேருக்கும் தாங்க.”

முனாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். றஸீனா மூன்று பேருக்கும் கொடுத்தாள். பிறகு கம்பியோரமாகச் சற்றுத் தள்ளி நின்று, இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.