வேம்புக்கு மூணு மாசங்க

1

இந்தக் கதை எனக்கு எழுபத்து ஐந்தாம் வருஷம் வேளாங்கண்ணி போகிற பேருந்தில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமாயி சொன்னாள். நான் கதை எழுதுகிற டீச்சர் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தவிட்டு எண்ணெய் ஆலையில் சங்கு ஊதியது.' (வேண்டாம். எல்லா ஆலைக் கதையிலும் ஊதுகிறது.) பிறகு: 'ராமாயி பொறாமைக்காரி.' இது இருக்கட்டும். அவளே சொன்னதுதான்.

2

எழுபத்து மூன்றாம் வருஷம். கூலிச் சண்டையில் கொடி பிடித்த குடும்பங்களுக்கு மிராசுதார்கள் நடவு வேலை தரவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ராமாயி வீடும் அப்படித்தான்; அண்ணன் தம்பி இருவரும் சும்மா இருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி ராமாயிக்கு மட்டும் ஒரத்தநாட்டுச் சாலையில் இருந்த ஆலையில் வேலை. தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க 'சால்வெண்ட்' என்று ஒன்றை ஊற்றுவார்கள். பெட்ரோல் மாதிரி வாடை. எண்ணெய் போன தவிட்டை அவள் சாக்கில் அள்ளுவாள். தலை சுற்றும், விரல்நுனி மரத்துப்போகும்.

சேர்ந்த பிறகு இரண்டு தடவை கரு கலைந்தது. அப்புறம் தூரமே ஒழுங்காக வரவில்லை. கூட அள்ளும் ரெங்கம்மாளுக்கும் அப்படியே. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "அந்தக் காத்தையே இழுத்துக்கிட்டிருந்தா எப்படிம்மா தங்கும்? வேற வேலை பாரு" என்றார். வேற வேலைக்கு எங்கே போவது? ராமாயி இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, தம்பி பெண்டாட்டி வேம்பு காலையில் வாந்தியெடுத்தாள். ராமாயி புளிப்பானையை வேம்புக்கு எட்டாத உறியில் தூக்கி வைத்தாள்.

(வேம்புக்கும் பொறாமை உண்டு. ராமாயியின் புதுச்சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.)

3

"அக்கா, எனக்கும் அங்க வேலை கேட்டுச் சொல்லுக்கா."

'ராமாயி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள், ஆனால்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் வாயெடுக்கவே இல்லை. கூட்டிக்கொண்டுதான் போனாள்.

வாசலில் மேஸ்திரி கண்ணுசாமி கேட்டார்: "முழுகாம கிழுகாம இருக்கியா? அப்புறம் லீவு கேட்டு நிக்கக் கூடாது."

"இல்லீங்க." வேம்பு ராமாயியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். சொன்னால் வேலையைக் கெடுத்தவள். சொல்லாவிட்டால் வயிற்றைக் கெடுத்தவள்.

"மூணு மாசங்க" என்றாள் ராமாயி.

திரும்பி வரும் வழியில் வேம்பு கத்தினாள்: "உனக்கு இல்லேன்னு என் சோத்துல மண்ணப் போட்டியேக்கா!"

4

'ஒரு உயிராவது பிழைக்கட்டும் என்று' எழுதத்தான் எனக்கு ஆசை. பேருந்திலேயே கேட்டேன். "புள்ளையக் காப்பாத்தத்தானே சொன்னீங்க?"

"இல்ல டீச்சர். வயித்துல புள்ளையும் அவளுக்கு, கையில சம்பளமும் அவளுக்குன்னா, எனக்குன்னு என்ன இருக்கு? அதான்."

"டாக்டரம்மா சொன்னத அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? எனக்கு இனிமே தங்காதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வேம்புக்குப் பெண் குழந்தை. நன்றாகப் பிறந்தது. ராமாயி பக்கத்தில் வந்தால் வேம்பு குழந்தையை மாராப்பால் மூடிக்கொள்வாளாம், கண் பட்டுவிடும் என்று.

5

முதல் முடிவு: வேம்பு உண்மை தெரிந்து, குழந்தையை ராமாயி மடியில் போடுகிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: ராமாயி வேலையை விடுகிறாள், கரு தங்குகிறது. விட்டால் தங்குமா என்று எனக்குத் தெரியாது.

இறங்கும்போது என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "மாதாகிட்ட எனக்கு ஒண்ணு கேப்பேன். அவளுக்கு ரெண்டாவது வேண்டாம்னும் கேப்பேன்" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "ஆலையில மறுபடி ஆள் எடுக்குறாங்க. வேம்பு தானே போய்க் கேட்டுட்டா. திங்கக்கிழமை சேர்றா."

மூன்றாவது: 'ஞாயிற்றுக்கிழமை ராமாயி வேம்பைக் கூப்பிட்டு,'

இந்த வாக்கியம் என் கைக்கு அடங்கவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவளுடைய பொறாமை தீர்ந்துபோயிற்று என்று மட்டும் எழுதாதீர்கள்.