கழுவுற தண்ணி எங்க போகும்?

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸின் தரையில் அவளைச் சுற்றிச் சாக்பீஸில் ஒரு கட்டம். நீளம் மூன்று அடி, அகலம் இரண்டரை அடி. டேப்பைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் முத்துக்கருப்பன் கட்டத்துக்கு வெளியே நின்றார்.

"முட்டி இடிக்குதுங்க."

"கதவு வெளிப்பக்கம் தெறக்குற மாதிரி வச்சிருவோம்."

"தெறந்துக்கிட்டேவா உக்காருவாக?"

பஸ் பாடி கட்டும் ஷேக் தாவூது சிரிப்பை அடக்கிக்கொண்டு கைபேசியை நீட்டினார். வெளிநாட்டில் யாரோ தங்கள் வீட்டு வண்டியில் வைத்திருந்த உலர் கழிப்பறையின் படம். சிறுநீர் முன்பக்கம் ஒரு கேனுக்குப் போய்விடும், மற்றது பின்பக்க வாளியில் விழும், மேலே ஒரு கை தேங்காய் நார்த்தூளைத் தூவிவிட வேண்டும். "தண்ணியே படக் கூடாதாம்க்கா. ஈரம் சேந்தாத்தான் நாத்தமாம். காஞ்சு கெடந்தா ஒண்ணுமே தெரியாதாம்."

"அப்ப கழுவுற தண்ணி எங்க போகும்?"

தாவூது முத்துக்கருப்பனைப் பார்த்தார். முத்துக்கருப்பன் டேப்பைப் பார்த்தார். ஒரு மாதமாக இரண்டு பேரும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். இந்தக் கேள்வி இருவருக்குமே தோன்றவில்லை.

"அவுக காகிதத்துல தொடச்சுக்கிறாகக்கா."

"அவுகளுக்கா கட்டுறீக?"

"சரிக்கா, மொதல்ல கட்டிலு, அடுப்பு எல்லாத்தையும் முடிச்சிருவோம். கடைசில இதுக்கு வருவோம்."

"கடைசின்னா வராது பாய்," என்றாள் பாண்டிச்செல்வி எழுந்துகொண்டே. "நான் வேலை பாத்த ஸ்கூல்லயும் டீச்சருகளுக்குக் கடைசில கட்டித்தாரோம்னுதான் சொன்னாக. இருபத்தாறு வருசம் ஆக்கிப்போட்டு ரிட்டையரும் ஆயிட்டேன். இத முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்."

திருப்பரங்குன்றம் சாலையில் இருந்த அந்தப் பட்டறையிலிருந்து இருவரும் ஸ்கூட்டரில் திருநகர் திரும்பினார்கள். வழியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினாள். மறுநாள் காலை கீரையை உருவிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள், தண்ணீர் கேட்டாள், கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து இறந்துபோனாள்.

அந்த இரண்டு நாளில் முத்துக்கருப்பன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவளுக்கு வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை சாப்பிடுவாள். அதனாலா இது? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில்.

முத்துக்கருப்பன் இருபத்தொன்பது வருடம் மதுரை–போடி தடத்தில் பஸ் ஓட்டியவர். டிரைவருக்கு ரோடெல்லாம் ஒதுங்குமிடம். எந்தப் புளியமரத்தடியிலும் வண்டியை ஓரம்கட்டி இறங்கலாம். பாண்டிச்செல்வி திருநகரிலிருந்து உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். சத்துணவு அமைப்பாளர். காலையில் ஒரு மடக்குக் காப்பி, அதோடு சாயங்காலம் வீடு திரும்பும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டாள். அவருக்கு அது தெரியும். சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆனதும் ஒரு கல்லூரியின் பழைய பஸ்ஸை ஏலத்தில் எடுத்து வீடாக மாற்றி ஊர் சுற்றுவதென்பது அவருடைய ஆசை. கக்கூஸ் இருந்தால் வாரேன், இல்லையென்றால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள் என்பது அவளுடைய நிபந்தனை.

மூன்று மாதம் கழித்துத் தாவூது கூப்பிட்டார். வண்டி பட்டறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, என்ன செய்ய? முத்துக்கருப்பன் போனார். கட்டிலுக்குச் சட்டம் அடித்திருந்தது. தரையில் சாக்பீஸ் கட்டம் பாதி அழிந்து கிடந்தது.

"ஒத்தாளுக்கு எதுக்குண்ணே கக்கூஸு?" என்றார் தாவூது தயங்கியபடி. "அந்த எடத்துல ஒரு பீரோ வச்சா துணிமணிக்கு ஆகும்."

"சரி, வச்சிரு."

சொல்லிவிட்டு, பீரோவுக்கு அளவெடுக்கும்வரைகூட நிற்காமல் வந்துவிட்டார்.

பாண்டிச்செல்வியின் அக்கா தங்கப்பொண்ணு காரியத்துக்கு வந்தவள், அவருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு அதுவரை திருநகரிலேயே இருந்தாள். அந்த வாரம் ஊருக்குக் கிளம்பினாள். வண்டியையும் ஓட்டிப் பார்த்ததாக இருக்கட்டும் என்று முத்துக்கருப்பன் பஸ்ஸை எடுத்தார். மகள் பவதாரிணி பேங்கில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். சித்திரை வெயில். செக்கானூரணியில் டீக்கு நிறுத்தினார்.

"எனக்கு வேணாம் தம்பி," என்றாள் தங்கப்பொண்ணு.

பவதாரிணியிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேணாம்ப்பா. ஊருக்குப் போயி குடிச்சுக்கிறேன்."

கருமாத்தூர் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வைக்கோல் லாரி ஒன்று சாய்ந்துகிடந்தது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் திரும்ப முடியவில்லை. கிரேன் வருவதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. முத்துக்கருப்பன் இறங்கி லாரியைப் பார்த்தார், போலீஸ்காரரிடம் பேசினார், கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ஒதுங்கினார். மூன்றாவது தடவை படியில் கால் வைத்தபோது தங்கப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன தடவ தம்பி எறங்குவீக? உள்ள ஒக்காந்துருக்கவளுக்கு வயிறு எரியுதுல்ல!"

பவதாரிணி சிரித்துவிட்டாள். "விடுங்க பெரியம்மா, சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா இன்னும் ஆபத்து." சிரிப்பு பாதியிலேயே நின்றது. கால்மேல் கால் போட்டு, சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முப்பத்தொரு வயது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆம்பளைகளாக நிற்கிற ரோடு.

முத்துக்கருப்பன் காலைப் படியிலிருந்து எடுத்தார். வண்டியின் பின்பக்கம், தாவூது பீரோவுக்காக ஆணி அடித்து வைத்திருந்த இரண்டு மரச்சட்டங்கள் தெரிந்தன. ஒத்தாளுக்கு எதுக்கு என்று தாவூது கேட்டதும் சரி என்று தான் சொன்னதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாவூதாவது தயங்கிக் கேட்டார்.

திருநகர் திரும்பிய கையோடு பட்டறைக்குப் போனார். "பீரோ வேணாம். கக்கூஸு வேணும். எது சரிப்படும்னு இப்பவே பேசுவோம்."

பேசினார்கள். தரைக்கு அடியில் தொட்டி வைத்துவிடலாம், வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும் என்றார் தாவூது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதியில் தொட்டி தொங்கினால் ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் எது உரசும் என்பது முத்துக்கருப்பனுக்குத் தெரியாததா? அது உடைந்தால் ரோட்டில் போகிறவன் தலையில். மேலும் நிறைந்ததும் லாரிக்காரனைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சூட்கேஸ் மாதிரி கையோடு உருவி எடுக்கும் பெட்டி. இருபது லிட்டர், இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. முத்துக்கருப்பன் ஒரு நாள் முழுக்க வீட்டில் மக்கை எண்ணி எண்ணிக் கழுவிப் பார்த்தார். அந்தக் கணக்கு காகிதக்காரர்களுக்கு. நம் ஆட்கள் இரண்டு பேர் என்றால் ஒன்றரை நாளில் நிறைந்துவிடும். நிறைந்ததைக் கொட்ட வேறொரு கக்கூஸுக்குத்தான் போக வேண்டும்.

"கக்கூஸ் இல்லன்னுதான் இத வைக்கிறோம். இதக் கொட்டக் கக்கூஸத் தேடி அலையவா?" என்றார்.

மிச்சம் இருந்தது அந்த உலர் கழிப்பறை. அதில் பாண்டிச்செல்வியின் கேள்வி அப்படியே நின்றது. தாவூதுதான் சொன்னார்: திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்திருக்கிறாராம், கழுவுவதற்கென்றே தனிக் குழி. போய்விட்டு, ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்து கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் மற்றதோடு சேராது. "நம்ம பெஞ்சு மாதிரி அடிச்சிருவோம்ணே. ரெண்டு ஓட்ட, ரெண்டு மூடி, கழுவுற தண்ணிக்கு அடில தனியா ஒரு கேன். ஆனா அகலம் பத்தாது. கட்டில் ஒண்ணு எடுத்துட்டா..."

"ரெண்டு கட்டிலும் இருக்கட்டும். சமையல் மேடைல ஒரு அடி எடு."

பிளைவுட்டில் பெஞ்சு தயாரானது. எவ்வளவு தூரம் நகர வேண்டும், மக் எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தாவூதின் மனைவி சாதிகா மதியச் சாப்பாட்டோடு வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே முடியாமல் சிரித்தாள்.

"அல்லாவே! ரெண்டு ஆம்பளைக சேந்து பொம்பளைக்குக் கக்கூஸ் கட்டுறீகளாக்கும்? எந்திரிங்கண்ணே."

தூக்குவாளியைத் தாவூதின் கையில் கொடுத்துவிட்டு, இருவரையும் கீழே இறக்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மக்கு சொவத்துப் பக்கம் வேணும். இங்கன புடிச்சு நகர ஒரு கம்பி. சேலையத் தூக்கிச் சொருகிட்டு ஒரு கைதான மிச்சம் இருக்கும்? துணி மாட்ட ஒரு கொக்கி, அது ரெண்டாப் போடுங்க. ஜன்னல் இன்னும் ஒரு சாண் மேல." கடைசியாக, "கொண்டி உள்பக்கம் கெட்டியா இருக்கணும். எம்புட்டுத்தான் சொந்த வண்டின்னாலும்."

தாவூது பென்சிலை எடுத்துக்கொண்டார். சாதிகா சொன்ன ஐந்தில் மக்கைத் தவிர வேறெதுவும் அவர்கள் கணக்கில் இல்லை.

ஆடி மாதம் முத்துக்கருப்பன், தங்கப்பொண்ணு, பவதாரிணி மூன்று பேரும் கம்பம் பள்ளத்தாக்கு வரை மூன்று நாள் போய்வந்தார்கள். முதல் நாள் தங்கப்பொண்ணு உள்ளே போகக் கூச்சப்பட்டு, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வேறு வழியில்லாமல் போனாள். வெளியே வந்து, "ஒரு நாத்தமும் இல்லையே?" என்று யாரோ ஏமாற்றிவிட்டதுபோலக் கேட்டாள். தேனியில் பவதாரிணி இளநீர் குடித்தாள், வண்டியில் ஏறிய பிறகு இன்னொன்றும் கேட்டாள்.

திரும்பும் வழியில் உசிலம்பட்டிக்கு மேற்கே வண்டியை நிறுத்தினார். அங்கே அவர்களுக்கு ஐம்பது சென்ட் மானாவாரி நிலம் உண்டு. மழை இல்லாததால் அந்த வருடம் விதைக்கவில்லை. கடப்பாரையால் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார். வாளியை இரண்டு கையாலும் ஏந்தி வரப்பில் நடந்தார். மேலே நார்த்தூள், அடியில் நார்த்தூள். கனம் அதிகமில்லை.

"நீங்களா தம்பி தூக்குறீக?" தங்கப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "ஒரு ஆளக் கூப்ட்டாத் தள்ளிட்டுப் போறான்."

"மூணு பேரு கழிச்சதுக்கு நாலாவது ஆளு எதுக்கு மதினி?"

கொட்டி, மண்ணைத் தள்ளி மூடி, யாரும் மிதிக்காமலிருக்க ஒரு கல்லை அடையாளம் வைத்தார். கேன்களில் இருந்ததை வரப்போரம் ஊற்றினார். ஓடைத்தண்ணீரில் வாளியைக் கழுவலாம் என்று பார்த்தால் ஓடை வறண்டு கிடந்தது. பவதாரிணி வண்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

அந்த நிலம் பாண்டிச்செல்வி சத்துணவுச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு வாங்கியது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே ஓடைக்கரையில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர்கள். பெயர் மாற்ற மனு எழுதிக்கொடுங்கள் என்று பவதாரிணி இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாள். பட்டா இன்னும் பாண்டிச்செல்வி பெயரில்தான் இருக்கிறது.