கழுவாத கூடு

எங்கள் ஊரான ஹெம்லாக் முனையில் ரெய்னோ கங்காஸ் ஒரு தோட்டாக் கூட்டைக் கழுவி உலர்த்தினால், அந்தத் தோட்டாவால் செத்த மான் மறுநாள் காலை அவர் வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். இது தொடங்கிய வருடம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது, ஏரியில் மீன் குறைவு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிய எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. மருந்து நிரப்பி, புதிய ஈயக் குண்டைப் பொருத்தினால் அதே கூடு மறுபடி சுடும். அதற்கு முதலில் கரி போக வேண்டும். ரெய்னோ கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன சிறு பொட்டைத் தட்டி எடுப்பார். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் குலுக்குவார். நீரில் அதிக நேரம் விட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால் பக்கத்திலேயே நிற்பார். அலசியதை சனிக்கிழமை சவுனா என்னும் சூட்டறைக் குளியல் முடிந்ததும் அந்த அறையின் மேல் பலகையில் பரப்பிவிடுவார். அங்கே மிச்சமிருக்கும் சூடு கூட்டை உலர்த்தும், கெடுக்காது. கடைசியில் வால்நட் ஓட்டுத் தூளோடு சுழல் உருளையில் போட்டுச் சுழற்றினால் கூடு பொன்னாக வரும்.

வந்த மான்களால் தொந்தரவு எதுவும் இல்லை. அவை முற்றத்தைத் தாண்டாது, அசைபோட்டுக்கொண்டு நிற்கும், கூட்டில் புதுக் குண்டு ஏறிய நொடியில் மறைந்துவிடும். ரெய்னோவின் மனைவி லெம்பிக்கு முட்டைக்கோஸ் பாத்தியைப் பற்றித்தான் கவலை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் தங்கள் கூடுகளை ரெய்னோவிடமே கொடுத்ததால், யார் உண்மையில் எத்தனை மான் சுட்டார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. மரம் அறுக்கும் ஹென்ரிக் பை நிறையக் கூடு கொண்டுவந்தான். மறுநாள் முற்றத்தில் ஒரு முயல் நின்றது.

"என்னப்பா ஹென்ரிக், உன் கொம்பு மான் பஸ்ஸ விட்ருச்சா?" என்றாள் லெம்பி.

"அது வெக்கப்படும் அக்கா. ஆள் போனதும் வரும்."

வேட்டை அதிகாரி ஒருமுறை வந்து பார்த்தார். செத்த மான் உயிரோடு நிற்பதைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லாததால் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ரெய்னோ கழுவாத கூடு ஒன்று இருந்தது. அது அவருடைய பழைய வேட்டைக் கோட்டின் பைக்குள் கருத்துக் கிடந்தது. மான்கள் வரத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மூடுபனியில், தம்பி ஆர்விட் நடந்து வியர்த்ததால், வேட்டைக்காரர்கள் அடையாளத்துக்குப் போடும் சிவப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பழுப்பு ஸ்வெட்டரோடு புதரிலிருந்து வெளியே வந்தான். ரெய்னோ மான் என்று நினைத்துச் சுட்டார், ஆர்விட் செத்துப்போனான். உடனே ஓடிப்போய்ப் பார்த்ததாகவே ஷெரீப்பிடமும் பாதிரியாரிடமும் ஆர்விட்டின் மனைவி டோரிஸிடமும் சொன்னார். அது உண்மையல்ல. கூடுகளைச் சேர்ப்பவர்களுக்குக் கை ஒரு மாதிரி பழகியிருக்கும். துப்பாக்கியிலிருந்து கூடு தெறித்ததும் கண் அதன் பின்னால் போகும், சுட்டது விழுந்ததா என்பது அப்புறம்தான். ரெய்னோ முதலில் குனிந்து தரைப் பனிக்குள் கூட்டைத் தேடினார். பிறகுதான் போனார். இது அவருக்கும், ஒருவேளை ஆர்விட்டுக்கும் மட்டுமே தெரியும்.

டோரிஸ் சாலையின் எதிர்ப்பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். முதல் மான் வந்த அன்றே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. பனி உருகிச் சேறான ஒருநாள் வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கூடு உங்ககிட்டத்தான இருக்கு?"

"அது கெட்டுப்போச்சு டோரிஸ்."

"கழுவாமயே கெட்டுப்போச்சா?"

ரெய்னோ ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மானெல்லாம் வருது. ஹென்ரிக்கோட முயல்கூட வருது," என்றாள் டோரிஸ். "நான் என்ன கேக்குறேன்? அவன் நின்னா போதும். பேச வேணாம், வீட்டுக்கு வர வேணாம்."

வருடங்கள் போயின. டோரிஸ் ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து கேட்டாள், ரெய்னோ ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார். உப்பு தீர்ந்துவிட்டது, உருளையின் வார் அறுந்துவிட்டது, முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு டோரிஸுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எதிர் ஜன்னலில் உட்கார்ந்து, யாருடைய மான்களோ நிற்கும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் சனிக்கிழமை ரெய்னோ கோட்டுப் பைக்குள் கைவிட்டார்.

கரி லேசில் போகவில்லை. நீரை மாற்றி மாற்றிக் கழுவினார். சவுனாவில் மற்றவர்கள் குளித்து முடித்ததும் உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. லெம்பி தேடிப் போனபோது கூடு மேல் பலகையில் இல்லை, அடுப்பின் இரும்புத் தகட்டின் மேல் இருந்தது. அடுப்புக்குள் பிர்ச் கட்டைகள் புதிதாக எரிந்தன. தகடு மங்கலாகச் சிவந்திருந்தது.

"ஐயோ, இத யாரு இங்க வச்சது?"

"நான்தான்."

"நீங்களா!"

அவர் குறடால் எடுத்து, ஆறவிட்டு, வாயை லேசாக அழுத்திக் காட்டினார். நல்ல பித்தளை திரும்ப விரியும், இது நசுங்கியபடியே இருந்தது. அப்படி இளகிய கூட்டில் மருந்து நிரப்பினால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். இனி அதில் எவரும் குண்டு ஏற்ற முடியாது. சிறுவயதிலிருந்து பித்தளை கழுவிய மனிதர் இந்தத் தவறை எப்படிச் செய்தார் என்று லெம்பி அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஆர்விட் காலையில் வந்தான். செத்த வயதில், பழுப்பு ஸ்வெட்டரோடு, விறகு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றான். டோரிஸ் செருப்புக்கூடப் போடாமல் சாலையைக் கடந்து வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. மான்களைப் போல அவனும் பேசமாட்டான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரெய்னோ வாசற்படியில் இறங்கியதும் ஆர்விட் நிமிர்ந்து பார்த்தான்.

"கூடு கெடைச்சுதா, ரெய்னோ?"

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"கெடைச்சுது," என்றார் ரெய்னோ.

டோரிஸ் திரும்பினாள். "எந்தக் கூடு?"

அவர் சொன்னார்.

"நீங்க தேடுறப்ப இவன் சத்தம் போட்டானா?"

"என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்."

"அப்புறம்?"

"அப்பக் கை அதுமேல பட்டிருச்சு. எடுத்துட்டுத்தான் போனேன்."

டோரிஸ் உள்ளே போய் லெம்பியின் பாத்திரத்திலிருந்து காப்பி ஊற்றி வந்து ஆர்விட்டிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான். அதன் பிறகு அவன் பேசவில்லை. ரெய்னோவோடு டோரிஸும் பேசவில்லை.

ஆர்விட்டால் முற்றத்தைத் தாண்ட முடியாததால், கோடை முடிவதற்குள் இரண்டு குடும்பங்களும் வீட்டை மாற்றிக்கொண்டன. லெம்பி முட்டைக்கோஸை எதிர்ப்பக்கம் நட்டாள். ரெய்னோ கூடு கழுவுவதை விட்டுவிட்டு, சுழல் உருளையையும் விற்றுவிட்டார், ஹெம்லாக் முனைக்கு மான்கள் வருவது நின்றது. தபால்காரர் போகும்போது ஆர்விட்டுக்கும் கையசைப்பார். குளிர்காலக் காலைகளில் ரெய்னோ மண்வெட்டியோடு சாலையைக் கடந்து வந்து தம்பியைச் சுற்றி விழுந்த பனியை அள்ளுகிறார். மண்வெட்டி அருகில் வரும்போது ஆர்விட் முதலில் ஒரு காலையும், பிறகு மறுகாலையும் தூக்கிக்கொடுக்கிறான்.