பதினான்கு பேர் சுமந்த கிழங்கு

கசியானோ என் சித்தப்பா மகன். பொன்பே தீவில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் அவன் குரல் கடற்கரை வரை கேட்கும். பெருந்தலைவரின் விருந்துக் கூடத்துக்கு வந்தால் மட்டும் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். காரணம், கிழங்கு. விருந்துக்கு மற்ற ஆண்கள் கொண்டுவரும் ராசவள்ளிக்கிழங்கைக் கழியில் கட்டி நாலு பேர், ஆறு பேர் சுமந்து வருவார்கள். கசியானோ தன்னுடையதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவான்.

யாரும் சிரித்ததில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மூன்று வருடத்துக்கு முன்னால், அவன் மனைவி மார்செலினாவின் அண்ணன் பெந்து, எல்லார் காதிலும் விழும்படி, "அடேயப்பா, ஒத்த ஆளாவா தூக்கிட்டு வந்தீங்க மாப்ள? இடுப்பு கிடுப்பு பிடிச்சுக்கப் போவுது!" என்று கரிசனமாக விசாரித்தான். கசியானோ அன்று சாப்பிடவில்லை.

மறுவாரமே மலைக்கு ஏறி, யார் கண்ணுக்கும் படாத ஒரு சரிவில் ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கிழங்கு ஊன்றினான். இதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கிழங்கைப் பற்றித் தானே பேசுகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அடுத்தவன் கிழங்கை எட்டிப் பார்க்கிறவனை அதைவிடக் கேவலமாக நினைப்பார்கள். மார்செலினாவிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, தங்கைக்கு வாய் உண்டு.

இந்த வருடம் விருந்து நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் விடிந்ததும், "ஓடையில எறா பிடிச்சிட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவான். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குத் தலையெல்லாம் சருகும் முழங்கால் வரை சேறுமாக வந்து நிற்பான். நாலு மாதத்தில் ஒரு இறால்கூட வீடு வந்து சேரவில்லை.

"எறா எங்க?" என்பாள் மார்செலினா.

"இன்னிக்கு அதுங்களுக்கு மனசில்ல."

ஒரு நாள் அவளுடைய பூவேலை செய்த சிவப்புப் பாவாடை காணாமல் போனது. இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்தது. கேட்டதற்குக் கசியானோ கூரையைப் பார்த்தபடி, "காத்துல போயிருக்கும்" என்றான். அன்று காற்றே இல்லை.

மார்செலினா நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கூடப் பிறந்தவனிடம் பேசக்கூடிய விஷயமா இது? வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு மலைக்குப் போறாரு. என் பாவாடையும் போயிருக்கு" என்று மட்டும் சொன்னாள். பெந்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் விடியலில் பெந்து பின்தொடர்ந்தான். புதருக்குள் குந்தி உட்கார்ந்தவன் காதில் மச்சினன் குரல் தேனாக விழுந்தது. "என் ராசாத்தி, இன்னும் கொஞ்சம் பெருத்துட்டா போதும். வெயில் படாம மூடிக்க. உன்னைப் பார்த்து எல்லாப் பயலும் வாயடைச்சுப் போகணும்."

பெந்து கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மண்ணுக்கு மேல் சிவப்புப் பாவாடை போர்த்திய ஒரு கிழங்கின் தலை. தலை மட்டுமே பன்றிக்குட்டி அளவு இருந்தது.

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. அடுத்தவன் கிழங்கைப் பார்த்தாயிற்று. இனி இதை வெளியே சொன்னால் ஊரில் தலை காட்ட முடியாது. மலையிறங்கி வந்தவனை மார்செலினா மடக்கினாள்.

"யாருண்ணே அவ?"

"அவ இல்ல தாயி."

"பின்ன?"

"அது..." என்று இழுத்தான் பெந்து.

மார்செலினா நெஞ்சில் கை வைத்தாள். "அதுவா? எவ்ளோ பெருசு?"

பொய் சொல்ல முடியாத இடம் ஒன்று ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு. பெந்துவுக்கு அது கிழங்கு. "ரொம்பப் பெருசு" என்றான் ஏக்கத்தோடு.

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"மூணு இருக்கும்."

"அவரு சாயலா?"

"தலைதான் பார்த்தேன். முடி முடியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு உளறுவதற்குள் ஓடிவிட்டான்.

மார்செலினா இரண்டு நாள் அழுதாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். "அந்தப் பொம்பளைய நான் பார்த்துக்கறேன்டி. பிள்ளை என்ன பாவம் செஞ்சுது? மலையில மழையில நனைஞ்சுக்கிட்டு..." என்று தங்கையிடம் சொன்னபடி மூன்று வயசுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்தாள். பெண் குழந்தை என்று யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "பாவாடை கொண்டுபோய்க் குடுத்திருக்காரே" என்றாளாம்.

விருந்துக்கு முந்தின நாள் கசியானோ எங்களை, பங்காளிகளை, கூப்பிட்டான். தோண்டத் தோண்ட அந்தக் கிழங்கு வந்துகொண்டே இருந்தது. நீளத்துக்கு முடிவே இல்லாத ஒரு ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது போல இருந்தது. பதினான்கு பேர் சேர்ந்து கழிகளில் கட்டித் தூக்கினோம். தோல் உரசாமல் இருக்க அந்தப் பாவாடையைச் சுற்றிக் கட்டினான். வழியில் எனக்கு ஒரு செருப்பு போயிற்று, இன்னொருவனுக்குப் பல்.

மறுநாள் கூடத்துக்குள் நுழைந்தபோது, விருந்தில் குடிக்கும் மயக்கப் பானத்துக்காகச் சக்காவு வேரைக் கல்லில் இடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கிழங்கை இறக்கியதில் தரை அதிர்ந்தது. கசியானோ பெருந்தலைவர் முன் குனிந்து, மூச்சு வாங்கியபடி, "மன்னிக்கணும் ஐயா, வேற ஒண்ணும் அமையல. பேருக்கு ஏதோ ஒரு துண்டு" என்றான். முறைப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில், மலையிலிருந்து எதையோ தன் பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மார்செலினா மஞ்சள் கவுனோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பாவாடையைப் பார்த்தாள். பிறகு பாவாடைக்குள் இருந்ததைப் பார்த்தாள்.

"எங்க என் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?" என்றான் கசியானோ.

"மூணு வயசு! தலையெல்லாம் முடி! அண்ணன் பார்த்துட்டு வந்து சொன்னாரே!"

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் பெந்து பக்கம் திரும்பின. பெந்து கூரையில் எதையோ தேடியபடி, "கிழங்கைத்தான் 'ராசாத்தி'ன்னு கொஞ்சிட்டு இருந்தாரு" என்று முனகினான். பெருந்தலைவர் கிழங்கைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், பெந்துவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறி, இரண்டு பேர் அவர் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

"ஏம்மா, கவுனு பத்தாதே" என்றார் கடைசியில்.

மார்செலினா கவுனால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்துக் கசியானோ பக்கத்தில் போய்க் குந்தினான். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட ஒரு நாள் 'ராசாத்தி'ன்னு சொல்லியிருப்பியாய்யா?" என்று அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அன்று அந்தக் கிழங்குக்காகக் கசியானோவுக்குப் பெரிய பட்டம் கிடைத்தது. கணவனுக்குப் பட்டம் என்றால் மனைவிக்கும் உண்டு, ஆகவே மார்செலினாவுக்கும் கிடைத்தது. அவளை இப்போது அண்ணன்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் மத்தியானம் பெந்து வேரோடு பிடுங்கிய சக்காவுச் செடியைத் தோளில் சுமந்துகொண்டு மன்னிப்புக் கேட்க வந்தான். அதைக் கொண்டுவந்து நிற்கிறவனைத் திருப்பி அனுப்ப முடியாது. நாங்கள் இடித்துப் பிழிந்தோம். முதல் சிரட்டையைப் பெந்து தலை குனிந்து நீட்டினான். கசியானோ வாங்கிக் கண்ணை மூடிக் குடித்துவிட்டுச் சிரட்டையைத் தரையில் வைத்தான். என்ன ஏசப்போகிறானோ என்று நாங்கள் காத்திருந்தோம்.

கசியானோ மெதுவாக அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். மூன்று வருடம் யாரிடமும் பேச முடியாததை வைத்துக்கொண்டு தவித்தவன் அல்லவா.

"ஏன் மச்சான்," என்றான் ரகசியமாக, "நீங்க பார்த்தப்ப காலை வெயில் இலை மேல விழுந்துட்டு இருந்துச்சா?"

"ஆமா மாப்ள" என்றான் பெந்து. "அழகா இருந்துச்சு."

இருவரும் இருட்டும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.