வாசலை அடைத்த வாதாமரம்

மெஷின் ரம்பம் இரண்டாவது கிளையில் மாட்டிக்கொண்டு உறுமியபோது, மருமகள் ஈர மரத்தூளை மிதித்தபடி கதவருகே நின்றிருந்தாள். உள்ளே கட்டிலில் அத்தையின் உடல். வெளியே, சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு கேட்டின்மேல் சாய்ந்து கிடந்தது பக்கத்து வீட்டு டீச்சரின் வாதாமரம். அதை வெட்டி வழி உண்டாக்கினால்தான் அத்தையைத் தூக்கிப்போக முடியும். வண்டி தெருமுனையில் காத்திருந்தது.

"அந்தப் பக்கம் பிடிச்சு இழுங்க டீச்சர்!" என்று ரம்பக்காரர் கத்தினார். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தார். ரம்பக்காரரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்ததும் அவர்தான்.

இதே டீச்சரோடுதான் அன்று காலையில் அவள் சண்டை போட்டிருந்தாள். புயல் ஓய்ந்து கதவைத் திறந்தால், வாசலையே காணோம்.

"உங்க மரம். நீங்கதான் ஆள் வச்சு எடுக்கணும்."

"மரம் என்னுது. காத்தும் என்னுதா?"

"காயெல்லாம் உங்க கூடையில, கம்பளிப்பூச்சியெல்லாம் நான் தைக்கிற துணியில. நல்ல நியாயம்!"

"அந்த நிழல்ல மெஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தச்சியே, அப்ப இனிச்சுதா?"

உள்ளேயிருந்து சத்தம் வந்தது அப்போதுதான். அத்தைக்குக் குரல் போய் நெடுநாளாகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டங், டங். டீச்சர் காதிலும் அது விழுந்தது.

"உன் அத்தை கூப்பிடுறாங்க பாரு."

"பேச்சை மாத்தாதீங்க டீச்சர்!"

மறுபடியும் டங். அவள் திரும்பவில்லை. நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது, நல்ல பதில். அதைச் சொல்லாமல் உள்ளே போனால் தோற்றுப்போனது போலாகிவிடும். சொன்னாள். டீச்சர் முகம் சுண்டித் திரும்பிப் போனார். கரண்டிச் சத்தமும் எப்போதோ நின்றிருந்தது.

உள்ளே வந்தவள், முகம் துடைக்கத் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டே கதை சொல்லத் தொடங்கினாள். டீச்சர் மூக்குடைபட்ட கதை என்றால் அத்தைக்கு அவ்வளவு பிடிக்கும். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன ஒருசில விஷயங்களில் அதுவும் ஒன்று.

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் நேரா நில்லு நேரா நில்லுன்னு அதட்டுறீங்களே, உங்க மரத்துக்கு ஒருநாள் சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன் அத்தை. மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நெற்றியைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். கரண்டி விரல்களிலிருந்து நழுவிப் போர்வை மடிப்பில் கிடந்தது.

ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்த புருஷன், பஸ் ஓடாமல் நடந்தே வந்து, வெட்டுப்பட்ட கிளைகளுக்குள் நுழைந்து உள்ளே போனான். அம்மாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் வெளியே வந்த நேரம் பார்த்து ரம்பமும் ஓய்ந்தது.

"கடைசியா ஏதாவது கேட்டாங்களா?"

அவள் குனிந்து சேலையில் ஒட்டியிருந்த மரத்தூளை உதறினாள்.

"கரண்டியைத் தட்டினாங்களா?"

சுள்ளி முறித்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. அவள் டீச்சரைப் பார்த்தாள். அவளைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

"சத்தமே இல்ல தம்பி" என்றார் டீச்சர். "உன் வீட்டுக்காரி பக்கத்துலதான் இருந்தா. நான் ஜன்னல் வழியா பார்த்தேன். தூக்கத்துலயே போயிட்டாங்க."

அரை மார்க்கைக்கூட இரக்கப்பட்டுப் போடமாட்டார் என்று தெருப்பிள்ளைகள் அழுகிற டீச்சர் அவர். அவள் முகம் காதுவரை எரிந்தது. டீச்சர் உள்ளதைப் போட்டு உடைத்திருந்தால், திருப்பி நாலு வார்த்தை கத்தியாவது இருக்கலாம்.

புருஷன் அவள் தோளில் கைவைத்தான். "நீ கூட இருந்தியே. எனக்கு அது போதும்."

"இல்லைங்க..."

"என்ன?"

அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"சட்டை கிழிஞ்சிருக்கு. வேற மாத்திக்கிட்டுப் போங்க."

வழி கிடைத்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ரம்பக்காரரும் ஒரு கை கொடுத்தார். வண்டி கிளம்பும் சத்தம் தெருமுனையில் கேட்டு அடங்கியது.

வாசலில் இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள். டீச்சர் தன் வீட்டு விளக்குமாற்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு தரையில் குந்தி, இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கத் தொடங்கினாள்.

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மறுகோடியில் உட்கார்ந்தார்.

மழையில் ஊறிய வாதா இலைகள் சிமெண்டுத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. நகத்தைக் கொடுத்துக் கிளப்பினால்தான் வந்தன.