குறிப்பும் சேர்ந்து போனது

செங்கல்பட்டில் ஞானம்பாள் நடத்திய திருமணத் தகவல் மையத்துக்கு 1998இல் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதியவன் கிருஷ்ணபிரசாத். பதிவேட்டுத் திரையில் ஒரு பெண்ணின் விவரத்தைக் காப்பி செய்து கடிதத் திரையில் பேஸ்ட் செய்தால், வெறும் எழுத்துகள்தான் வந்தன. ஜாதகக் கட்டம் சிதறிப்போனது. அதனால் பெயர், நட்சத்திரம், பன்னிரண்டு கட்டங்கள் என்று மொத்தத்தையும் ஒரே பொட்டலமாக, காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டில் வைக்க அவனே ஒரு வடிவம் அமைத்தான். கட்டம் கலையாமல் வந்தது.

அங்கே டைப் அடித்த சாவித்ரிக்கு முப்பத்தொரு வயது. மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். அவள் ஜாதகமும் அந்தப் பதிவேட்டில் இருந்தது. புது வடிவம் வந்த அன்றே திருப்போரூர் வரன் ஒன்று பொருந்திவர, தன் விவரத்தைத் தானே காப்பி செய்து கடிதத்தில் சேர்த்தாள். பிரிண்டர் இருந்தது ஞானம்பாளின் அறையில்.

அங்கே தாளைக் கிழித்தெடுத்த கிருஷ்ணபிரசாத் திடுக்கிட்டான். கட்டத்துக்குக் கீழே, பதிவேட்டில் ஞானம்பாள் தனக்காக வைத்திருந்த, மையத்தைவிட்டு வெளியே போகக் கூடாத குறிப்பும் அச்சாகியிருந்தது: ‘சிறு வயதில் வலிப்பு. வெளியில் சொல்வதில்லை.’ பன்னிரண்டு வயதில் இரண்டே முறை வந்து நின்றுபோனதை சாவித்ரி நம்பி ஞானம்பாளிடம் சொல்லியிருந்தாள்.

“மேடம், காப்பி பண்றப்ப குறிப்பும் சேந்து போயிடுது. திரையில தெரியல, பிரிண்ட்ல வருது. பத்து நிமிஷத்துல எடுத்துடறேன்.”

ஞானம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். “இவ கண்ணாலம் கட்டிகினு பூட்டா இந்த வேலைய யாரு பாக்கறது?” தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். “இது போவட்டும். அப்பால சரிபண்ணு தம்பி. எங்க அண்ணன் கடைக்கும் ஒரு புரோகிராம் வோணும்னு சொல்லிகினு இருந்தாரு.”

அவன் சரியென்றான்.

ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தை கோயிலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. சாவித்ரியும் அவள் அப்பா ராமானுஜமும் காலையிலேயே போய்க் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவன் தாய் மட்டும் வந்தாள்.

“இன்னாங்க, நோவுக்காரப் பொண்ண எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?” என்று சன்னதி வரிசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கடிதத்தை ராமானுஜத்தின் கையில் திணித்தாள். அவர் படித்தார். மகளிடம் நீட்டினார். அவள் அடித்த கடிதம்தான்.

திங்களன்று சாவித்ரி அதைக் கிருஷ்ணபிரசாத்தின் முன் வைத்தாள்.

“சார், இது எப்படி வந்துச்சு?”

அவன் ஞானம்பாளைப் பார்த்தான். “காப்பி பண்றப்ப நீங்கதான் ஏதோ தப்பா அழுத்தியிருக்கீங்க.”

“அழுத்தறதுக்கு ஒரே பட்டன்தானே சார் இருக்கு?”

“கம்ப்யூட்டர் மேல பழி போடாத,” என்றாள் ஞானம்பாள். “உன் கை பண்ண வேலை. போ, இன்னிக்கு நாப்பது கடுதாசி கீது.”

கடிதம் போன அன்று மாலையே அவன் கோளாறைச் சரிசெய்திருந்தான். அதற்குப் பின் எந்தப் பெண்ணின் குறிப்பும் அச்சில் வரவில்லை. அதனால் தன் கைதான் தவறியிருக்க வேண்டும் என்று சாவித்ரியும் நம்பிவிட்டாள். வீட்டில் அப்பாவிடம் அப்படியே ஒப்புக்கொண்டாள். அதன்பின் பல மாதம் ராமானுஜம் அவளோடு பேசவேயில்லை.